“இவனை வளர்க்க எனக்குத் தெரியுமா, டாக்டர்?”

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. போன வருடம் ஆட்டிசம் என்றார்கள். நான் வேலைக்குப் போனதாலும் செல்போன் கொடுத்ததாலும்தான் இப்படி ஆயிற்று என்கிறார் மாமியார். ஸ்பீச் தெரபி டீச்சரிடம் நாலைந்து வார்த்தை சொல்கிறவன், என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. எதைச் செய்தாலும் தப்பாகச் செய்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. இவனை வளர்க்க எனக்குத் தெரியுமா?
– வாசகி, தென்காசி

பதில்: முதலில் அந்தப் பழியை இறக்கி வையுங்கள். ஆட்டிசம் வளர்ப்பால் வருவதில்லை. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு அது. மரபணுக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. 1950, 60களில் மேலைநாட்டு நிபுணர்கள் பலரே ‘தாயிடம் பாசம் இல்லாததுதான் காரணம்’ என்றார்கள். 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இரண்டு மனநல ஆய்வாளர்கள் பிரிட்டனில் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்து மரபணுவின் பங்கைக் காட்டினார்கள். அதற்குள் எத்தனை தாய்மார்கள் அந்தப் பேச்சைக் கேட்டு அழுதிருப்பார்கள்!

செல்போனைக் குறைக்கத்தான் சொல்வேன். அவனோடு விளையாடும் நேரத்தை அது தின்றுவிடுகிறது. ஆனால் ஆட்டிசத்துக்கு அது காரணம் இல்லை. இதை மாமியாரிடம் நீங்கள் வாதாடிச் சொல்ல வேண்டாம். அடுத்த முறை அவரையும் கணவரையும் கூட்டிப் போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள்.

டீச்சரிடம் பேசுகிறவன் உங்களிடம் ஏன் பேசுவதில்லை? ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் பயன்படுத்துவது இந்தக் குழந்தைகள் பலருக்குக் கடினம். அங்கே அமைதியான அறை, அதே பொம்மை, அதே சொல். வீட்டில் டிவி, மிக்ஸி, வாசல் மணி. அவனுக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை.

தன்னம்பிக்கை பாராட்டிலிருந்து வருவதைவிட, செய்தது பலித்ததைக் கண்ணால் பார்ப்பதிலிருந்துதான் அதிகம் வரும். அதனால் வீட்டை தெரபி சென்டராக மாற்றாதீர்கள். தினமும் எப்படியும் செய்கிற ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். குளியல் என்று வைத்துக்கொள்வோம். அவன் முகத்துக்கு நேராக உட்காருங்கள். “ஊத்து” என்று சொல்லி ஒரு கப் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு கப்பைத் தூக்கிப் பிடித்தபடி சும்மா இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவன் உங்களைப் பார்க்கலாம், கப்பைத் தொடலாம், “ஊ” என்று சொல்லலாம். எதுவானாலும் அது பேச்சுதான்; உடனே ஊற்றிவிடுங்கள். ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஊற்றுங்கள், குளியல் பரீட்சை ஆகிவிடக் கூடாது. அந்தப் பத்து எண்ணும் நேரம்தான் பெற்றோருக்குக் கஷ்டம். அவசரப்பட்டு நாமே பேசி முடித்துவிடுகிறோம்.

வாரம் ஒருமுறை நீங்களும் அவனும் விளையாடும் நேரத்தை ஐந்து நிமிடம் வீட்டில் யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டீச்சரோடு உட்கார்ந்து பாருங்கள். தப்பைத் தேடாமல், அவன் உங்கள் பக்கம் திரும்பிய நொடிகளைத் தேடுங்கள். அதற்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கவனியுங்கள். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் இந்த முறையில், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே பெற்றோருக்குப் பயிற்சி தந்து ஆய்வு செய்தார்கள். பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஏற்ப நடந்துகொள்வது கூடியது. குழந்தைகள் தாமாகவே தாயிடமோ தந்தையிடமோ தொடர்புகொள்வதும் கூடியது. அந்தப் பெற்றோரும் உங்களைப் போன்றவர்கள்தான்.

கணவர் ‘உதவி’ செய்தால் போதாது. சாயங்கால நடை, தூங்க வைப்பது என ஏதாவது ஒன்று முழுக்க அவர் பொறுப்பாக இருக்கட்டும். கல்யாண வீட்டில் மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்தி அலறினால் வெளியே கூட்டி வந்துவிடுங்கள். “சத்தம் இவனுக்குத் தாங்காது” என்ற ஒரு வரி போதும். யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தர வேண்டியதில்லை.

குழந்தைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைக் கவனிக்கும் அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பதிந்துகொள்ளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, ஆகவே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்டெம் செல்லால் குணமாக்குகிறேன் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம். சாகலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே அழையுங்கள்.

மகன் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகளை விட்டுவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.