வீட்டுக்குள்ளேயே சின்னக் குழந்தையைச் சுறுசுறுப்பாக, ஆரோக்கியமாக வைத்திருப்பது எப்படி?

மூன்று வயதுப் பெண், இரண்டாம் மாடி வீடு, கீழே விளையாட இடமில்லை, எந்நேரமும் போன் கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. என் மகளுக்கு இப்போது ஐந்து வயது.

விளையாட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன். ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறாள்? என் மகள் சாப்பாட்டைத் தொடமாட்டாள். பாலாவது உள்ளே போகட்டும் என்று நாலைந்து டம்ளர் கொடுத்துக்கொண்டிருந்தோம். எப்போதும் மடியிலேயே சாய்ந்திருப்பாள். "சமத்து, ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கு" என்று அத்தை பெருமையாகச் சொல்வார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9. இந்த வயதில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை.

பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. வயிற்றை நிரப்பிச் சோற்றுக்கு இடமில்லாமலும் செய்துவிடும். நம் நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாலை அரை லிட்டருக்குள் நிறுத்தச் சொன்னார் டாக்டர். கூடவே இரும்புச்சத்து சிரப், குடற்புழு மருந்து. வீட்டில் முட்டை, முருங்கைக்கீரை, வாரம் ஒருநாள் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), கீரைச் சோற்றில் நாலு சொட்டு எலுமிச்சை. இரண்டே மாதத்தில் அவளாகவே ஓட ஆரம்பித்தாள். நான் அழுதுவிட்டேன்.

இனி விளையாட்டு. மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாளுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்க ஆட வேண்டும், திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மூன்று மணி நேரமா என்று மலைக்காதீர்கள். நாள் முழுக்கத் துண்டு துண்டாகச் சேர்ந்தால் போதும்.

எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது துணி காயப்போடும் நேரம். கிளிப் டப்பாவைக் கூடத்தின் அந்தக் கோடியில் வைத்துவிடுவேன். ஒரு நடைக்கு ஒரு கிளிப்தான் என்பது சட்டம். குந்தி உட்கார்ந்து நிறம் பார்த்து எடுப்பாள், ஓடி வந்து நீட்டுவாள், மறுபடி ஓடுவாள். முப்பது கிளிப்புக்கு முப்பது நடை. "அம்மா, இது மஞ்சக் கிளிப்பு, அப்பா சட்டைக்கு" என்று மூச்சிரைக்கச் சொல்வாள். (பால்கனிக்குக் கிரில் இருக்கட்டும், தனியே விடாதீர்கள்.)

சாயங்காலம் அவள் அப்பா வந்ததும் தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம். நொண்டி வராது, இரண்டு காலையும் சேர்த்துத்தான் குதிப்பாள். அதனால் என்ன, குதிக்கட்டும். கல்லா மண்ணா ஆடப் பாய்தான் கல். ஆறரைக்கு ஆடி முடித்தால் ஏழு மணிக்குத் தட்டை அவளே கேட்பாள். சாப்பிடும்போது போனை பீரோவில் வைத்துவிட்டு எல்லோரும் கீழே உட்கார்ந்து சாப்பிடுவோம். முதல் நான்கு நாள் ஒரே அழுகை. அப்புறம் மறந்துவிட்டாள்.

பல்லாங்குழியை மட்டும் இப்போதைக்கு எடுக்க வேண்டாம். புளியங்கொட்டை மூக்கில் போகும், தொண்டையில் சிக்கும். இன்னொன்று, அந்தச் சாக்பீஸைக் கடித்துத் தின்றாலோ, சுவரைச் சுரண்டி வாயில் போட்டாலோ திட்டாதீர்கள், அது ரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம். கீழ் இமையைப் பாருங்கள், அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.