மெரினா எதிர்ல இருக்கற செனட் ஹவுஸ் ஏன் மசூதி மாதிரி இருக்கு?

நிறைய பேருக்கு இந்த டவுட் வரும், ஆனா அது மசூதியும் இல்ல, ஆற்காடு நவாப் கட்டினதும் இல்ல, மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட ஹால். மெட்ராஸ் யுனிவர்சிட்டி 1857-லயே ஆரம்பிச்சாச்சு, ஆனா அதுக்குன்னு ஒரு பெரிய ஹால் ரொம்ப நாளா கிடையாது. அப்புறம் டிசைனுக்கு போட்டி வெச்சு ராபர்ட் சிசோம்ங்கற ஆர்க்கிடெக்டோட பிளானை எடுத்தாங்க, வேலை 1874-ல ஆரம்பிச்சு 1879-ல முடிஞ்சுது.

பக்கத்துலயே 1768-ல நவாப் கட்டின சேப்பாக்கம் அரண்மனை இருக்கில்ல, அதோட ரெண்டு மஹாலுக்கும் நடுவுல நிக்கற டவரும் இதே சிசோம் சேர்த்ததுதான். அதனால ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா ஒரே குடும்பம் மாதிரி தெரியறதுல ஆச்சரியமே இல்ல. இந்த ஸ்டைலை இந்தோ சாரசெனிக்னு சொல்லுவாங்க, அதாவது உள்ள பிளான் வெள்ளைக்காரன் ஸ்டைல்ல ஒரு பெரிய ஹால், வெளிய பார்த்தா இஸ்லாமிய வளைவு, டோம்னு இருக்கும், இதுல பைசாந்திய சாயலும், அதாவது பழைய கிழக்கு ரோமப் பேரரசோட ஸ்டைலும் கொஞ்சம் உண்டு.

போனா முதல்ல நாலு மூலைலயும் இருக்கற டவரையும் அது மேல உக்காந்திருக்கற டோமையும் பாருங்க. அப்புறம் தூண் கிட்ட போய் நின்னு தலைப்பகுதில இருக்கற செதுக்கல் வேலையைப் பாருங்க, ரோட்டுல பஸ்ல போறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஹால் உள்ள கலர் கண்ணாடி ஜன்னல் இருக்கு, எனக்கு அதுதான் இந்த பில்டிங்லயே பெஸ்ட்.

இன்னொரு விஷயம், 1937-ல மெட்ராஸ் மாகாண சட்டசபை கொஞ்ச நாள் இங்கதான் நடந்துச்சு. ரொம்ப வருஷம் பாழடைஞ்சு கிடந்த பில்டிங்க, யுனிவர்சிட்டியோட 150-வது வருஷத்தை ஒட்டிதான் ரிப்பேர் பண்ணாங்க.