லோனார் பள்ளம்: எரிமலையா, விண்கல்லா?

கேள்வி: கல்லூரிச் சுற்றுலாவில் மகாராஷ்டிராவின் லோனார் ஏரிக்குப் போனோம். விண்கல் விழுந்த பள்ளம் என்றார் வழிகாட்டி. சுற்றியிருப்பது எரிமலைப் பாறை என்றும் அவரே சொன்னார். "அப்போ எரிமலை வாய்தானே?" என்கிறார் என் மாமா. எது சரி?
- ஒரு மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: மாமா கேட்பது நியாயமான கேள்வி. பெரிய நிபுணர்களுக்கே வந்த சந்தேகம் அது. பாறை எரிமலையுடையதுதான், சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்து உறைந்த பசால்ட். பள்ளம் விழுந்தது வெகுகாலம் கழித்து.

சுமார் 1.8 கிலோமீட்டர் அகலமான வட்டம் என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. நிலத்தடி நீரில் எரிமலைக் குழம்பு பட்டு நீராவி வெடித்தாலும் வட்டப் பள்ளம் விழும். அரிசோனாவில் உள்ள இதே மாதிரிப் பள்ளத்தை ஆராய்ந்த அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட், 1896இல் அப்படித்தான் முடிவு கட்டினார். பெரிய இரும்பு விண்கல் அடியில் புதைந்திருந்தால் காந்த ஊசி காட்டிக்கொடுத்திருக்குமே என்பது அவர் வாதம். அன்றைக்கு அது நேர்மையான சோதனை. ஆனால் அசுர வேகத்தில் மோதும் கல்லின் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் சிதறிவிடும் என்பது அப்போது தெரியாது. 1960இல் புவியியலாளர் ஷூமேக்கர் குழுவினர் அங்கே கோயசைட் கண்டுபிடித்த பிறகுதான் விண்கல் கட்சி வென்றது. கோயசைட் என்பது மணலில் நிறைய இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம், எரிமலை வெடிப்பில் வராத பேரழுத்தத்தில் மாறிய வடிவம்.

எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் போனால், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களைப் பாருங்கள். சில கற்களின் பக்கத்தில் பாதியாகப் பிளந்த குழாய் மாதிரி நேரான தடம் ஓடும். குவாரியில் வெடி வைக்கத் துளை போட்ட அடையாளம் அது. பாடம் நடத்திய காலத்தில் என் மாணவர்களை அங்கேதான் கூட்டிப்போய் நிறுத்துவேன். எப்படி உடைந்தது என்று கல்லிலேயே படிக்கப் பழக வேண்டும்.

லோனாரிலும் அப்படித்தான் படித்தார்கள். ஆனால் பசால்ட்டில் குவார்ட்ஸ் இல்லாததால் கோயசைட்டைத் தேடிப் பயனில்லை. அதில் இருப்பது ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமம். காற்றழுத்தத்தைப் போல் 2 லட்சம் மடங்குக்கும் மேலான அதிர்ச்சி தாக்கினால், அந்தப் படிகம் உருகாமலே, தன் உருவம் மாறாமலே கண்ணாடியாகிவிடும். பெயர் மாஸ்கலினைட். எரிமலை எவ்வளவு உக்கிரமாக வெடித்தாலும் இந்த அழுத்தத்தின் கிட்டேகூட வராது. ஏரியின் அடித்தளத்தைத் துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளில் மாஸ்கலினைட் இருப்பதை பிரெட்ரிக்சன், பாலசுந்தரம் உள்ளிட்ட குழுவினர் 1973இல் வெளியிட்டார்கள். என்னைக் கேட்டால், எரிமலையா என்ற வழக்கு அன்றோடு முடிந்தது.

வயதுச் சண்டைதான் பாக்கி. கனிமத்தைச் சூடாக்கி அது விடும் ஒளியை அளக்கும் வெப்ப ஒளிர்வு முறையில் சுமார் 52 ஆயிரம் ஆண்டுகள் என்றார்கள். பாறையில் சேர்ந்திருக்கும் ஆர்கான் வாயுவை அளந்து 2011இல் வந்த கணக்கு சுமார் 5.7 லட்சம் ஆண்டுகள் என்றது. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! உங்கள் மாமா வாதாட வேண்டுமென்றால் இதில் வாதாடட்டும்.