நாலு பேருக்கு ஒரே கேபினா? சமாளிச்சிரலாம்

தம்பி, சென்னையிலிருந்து கிளம்பற கப்பல்ல அம்மா, அப்பா, அக்கா, நீங்க நாலு பேருக்கும் ஜன்னல் இல்லாத ஒரே கேபின்னு எழுதியிருந்தீங்க. நான் பாம்பன்காரன். நாங்களும் இதே மாதிரி நாலு பேர் போய் வந்தோம்.

யாருக்கு மேல்படுக்கைன்னு இப்பவே பேசி முடிச்சிருங்க. ரெண்டு படுக்கை கீழே, மத்த ரெண்டும் பெரும்பாலும் சுவத்துலயோ கூரையிலயோ மடிச்சிருக்கும், ஏணியில ஏறணும். மூட்டுவலிக்காரர் அப்பாவை ஏத்திராதீங்க.

உண்மையான சண்டை பாத்ரூமுக்குத்தான். ரெண்டு பேர் ராத்திரியே குளிச்சிருங்க. ஜிம், ஸ்பா பக்கம் ஷவர் இருக்கான்னும் கேட்டுப் பாருங்க, எங்களைக் காப்பாத்துனது அதுதான். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நல்லா ஒட்டும். துண்டு, பை எல்லாம் தொங்கவிடலாம். பெட்டிக்குப் பதிலா துணிப்பை கொண்டுபோங்க, கட்டிலுக்கடியில நுழைஞ்சிரும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், நிறைய கப்பல்ல வாங்கி வச்சிருவாங்க.

அப்புறம், மண்டபம் கருவாடு வேண்டவே வேண்டாம். எங்க மச்சான் ஒளிச்சு எடுத்துட்டு வந்தார். மூணு ராத்திரியும் நாங்க மேல்தளத்துலதான் கிடந்தோம்.