வீட்டில செய்த ஸ்பீக்கர் ஏன் பானைக்குள்ள கதைக்குது?

கேள்வி: 8 இஞ்ச் வூஃபருக்கு (அடித்தொனி போடுற ஸ்பீக்கர்) 12 எம்எம் பிளைவுட்டில துவாரமில்லாத பெட்டி அடிச்சனான், பாட்டு பேஸ் (அடித்தொனி) எடுக்கேக்க குடத்துக்குள்ள கதைக்கிற மாதிரிக் கேக்குது, என்ன செய்யலாம் அண்ணை? – பரந்தன் வாசகர்

பதில்: தம்பி, முதல்ல பக்கப் பலகையில விரல் முட்டியால தட்டிப் பாரும், 'டொம்ம்' எண்டு இழுத்தா பலகையும் சேந்து பாடுது, 'டக்' எண்டு செத்த சத்தம் வரோணும். ரெண்டு பக்கப் பலகைக்கும் இடையில ஒரு மரச்சட்டத்தை இறுக்கமா வைச்சு பசை போட்டு ஒட்டும், நடு மையத்தில வைக்காதேயும், கொஞ்சம் தள்ளி. சண்டைக் காலத்தில கரண்ட் இல்லாம சைக்கிள் டைனமோ சுத்தி ரேடியோ கேக்கேக்க எங்கட ஆக்கள் மண்பானையில ஸ்பீக்கர் வைச்சவை, வளைஞ்ச சுவர் லேசில அதிராது, ஆனா உள்ளுக்க இருக்கிற காத்து ஊம் எண்டும், உம்மட பெட்டியிலயும் மிச்சம் அதுதான்.

அதுக்குத் தலகணி இலவம் பஞ்சு காணும், நல்லா உதிர்த்து லூசா நிரப்பும், அமத்தி அடைச்சா பேஸ் செத்துப்போம். அளவான பஞ்சுக்கு பெட்டி கொஞ்சம் பெருத்த மாதிரி வேலை செய்யும். ஸ்பீக்கரின்ட கோனில (அதிருற கூம்பில) முட்டாமல் வலைத்துணி கட்டும். பிறகு ஒருக்கா பேஸ் கூட்ட பெட்டியில துவாரம் போட்டீரெண்டா பஞ்சைக் கழட்டிப்போட்டு சுவருக்கு மட்டும் ஒட்டும். மூலை வெடிப்புகளுக்கும் பசை விடும், காத்துப் போனா சீறும்.