எழுபத்தைந்து கார்கள்

வணக்கம்.

அமெரிக்கச் சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். 1966இல் சுட்ட உருளைக்கிழங்கைச் சிற்பமாக்கி 75 பிரதிகள் வெளியிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அங்கேதான் இடறுகிறது. மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் ஒன்றை எடுத்து, எண்ணி 75 மட்டும் செய்வது அன்றாடப் பொருளைக் கொண்டாடுவதா, இல்லை வேண்டுமென்றே தட்டுப்பாடு உண்டாக்கி விற்பதா?

ச.

அன்புள்ள ச.,

விற்பதுதான். அச்சு கையில் இருக்கும்போது எழுபத்தாறாவதை வார்க்கவிடாமல் தடுப்பது ஒப்பந்தம் மட்டுமே. பிரதியின்மேல் 12/75, அதாவது எழுபத்தைந்தில் பன்னிரண்டாவது, என்று எழுதுகிறார்களே, அந்தச் சாய்கோட்டுக்குத்தான் பாதி விலை.

ஓல்டன்பர்க் இதை ஒளித்தவர் அல்ல. 1961 டிசம்பரில் நியூயார்க்கில், கிழக்கு இரண்டாம் தெருவில் கடையே போட்டார். பெயரும் 'தி ஸ்டோர்'தான். கம்பிவலைமேல் பிளாஸ்டரில் தோய்த்த மஸ்லின் துணியைப் போர்த்தி, எனாமல் பெயிண்ட் வழிய வழியப் பூசிய கேக்குகள், சட்டைகள், ஷூக்கள். பின்கட்டில் செய்வார், முன்கட்டில் விற்பார். பிறகு ஒரு திருமணத்துக்கு பிளாஸ்டரில் கேக் துண்டுகள் வார்த்துக் கொடுத்தார். விருந்தினர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். (கடித்துப் பார்த்தவர் எவரேனும் இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.)

ஆனால் உங்கள் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் 1969இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஜெமினி என்ற கலை அச்சுப் பட்டறையில் செய்த 'ப்ரொஃபைல் ஏர்ஃப்ளோ'. அதுவும் 75 பிரதிகள். கிரைஸ்லர் நிறுவனம் 1934இல் கொண்டுவந்த ஏர்ஃப்ளோ காரின் பக்கவாட்டுத் தோற்றம், ஐந்தடிக்கு மேல் அகலம். அடியில் லித்தோகிராஃபாக (கல்லச்சு முறையில்) அச்சிட்ட கோடுகள்; மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் நீலப்பச்சை வார்ப்பு, ஒளி ஊடுருவக்கூடியது. கதவும் சக்கரத்தின் மேல்வளைவும் புடைத்து நிற்க, கோடுகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் தெரியும். தகரமாக இருக்கவேண்டியது தோல்போல இருக்கிறது. தொட்டால் அமுங்கும் என்று விரல் முன்கூட்டியே முடிவுசெய்துவிடும்.

அசல் கார் காற்றைக் கிழித்துப்போகும் வடிவத்துக்காகப் பேசப்பட்டது, ஆனால் ஜனங்கள் வாங்கவில்லை. 1937உடன் நிறுத்திவிட்டார்கள். அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான கார்ல் ப்ரீயரின் மகன் ராபர்ட் ப்ரீயரும் கலைஞர், ஓல்டன்பர்க்குக்குத் தெரிந்தவர். விலைபோகாத வண்டி இப்படித்தான் சிற்பமாகத் திரும்பி வந்தது.

வந்தபின் நடந்ததுதான் வேடிக்கை. விற்ற பிரதிகளில் பாலியூரித்தேன் நிறம் மாறத் தொடங்கியது. கலவையில் கோளாறு. பட்டறை என்ன செய்தது தெரியுமா? கார் கம்பெனிகள் செய்வதையேதான். விற்றதைத் திரும்ப அழைத்து, புதிய கலவையில் மறுபடி வார்த்துக் கொடுத்தது. ஒற்றைச் சிற்பத்துக்கு இது நேர்ந்திருந்தால் பழுது என்று சொல்லிப் பழுதுபார்ப்பவரிடம் விட்டிருப்பார்கள். 75 என்பதால் அது 'உற்பத்திக் குறை' ஆனது. பொருளின் உருவத்தை எடுத்தவருக்குப் பொருளின் தலையெழுத்தும் சேர்ந்தே வந்தது. ஒன்றல்ல, பல பிரதிகள் வேண்டும் என்று நான் நினைப்பது இதற்காக. அந்த எண்ணிக்கை 75இல் நின்றது வியாபாரத்துக்காக. அதில் உங்களோடு சண்டை இல்லை.

உருளைக்கிழங்கை இன்னொருமுறை பாருங்கள். அது பெயிண்ட் பூசிய ரெசின். அதை ஏந்தியிருக்கும் பீங்கான் தட்டு மட்டும் நிஜம், ஆலையில் செய்தது. தட்டு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும்; கிழங்குதான் 75.