பதில்: அலுவலகத்தார் பின்தொடர்ந்த பிறகு கவிதை போடவே கை வரவில்லை

வணக்கம் சகோதரி. வங்கி மேலாளரும் சித்தப்பாவும் இன்ஸ்டாகிராமில் உங்களைப் பின்தொடர ஆரம்பித்ததும், கவிதையை விட்டுவிட்டு கோயில் படமும் "குட் மார்னிங்"கும் மட்டுமே போடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கணக்கையே அழிக்க வேண்டாம்.

பின்தொடர்பவர் பட்டியலிலிருந்து மேலாளரை நீக்குவது எளிது, அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. ஆனால் நாளைக்கே பெயரைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும், திங்கட்கிழமை முகத்தில் முழிக்க வேண்டியது நீங்கள்தான்! அதனால் இந்தக் கணக்கு கோயில் படத்தோடு அப்படியே இருக்கட்டும். கவிதைக்குப் புனைபெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள். புனைபெயர் நம் எழுத்துலகத்துக்குப் புதிதா என்ன?

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: பழைய கைப்பேசி எண்ணையே புதுக் கணக்குக்கும் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் எண்ணைச் சேமித்திருக்கும் சித்தப்பா தன் தொடர்புப் பட்டியலை செயலியோடு இணைத்திருந்தால், "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று கவிஞரை அவருக்கே காட்டிக்கொடுத்துவிடும். வேறு மின்னஞ்சலில் தொடங்குங்கள், எண் தரவே வேண்டாம். உங்கள் பக்கத்திலும் தொடர்புப் பட்டியல் இணைப்பை அணைத்துவிடுங்கள். கணக்குகளை ஒன்றாக இணைக்கும் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' பகுதியில் இரண்டு கணக்கையும் சேர்க்காதீர்கள். அப்புறம், அதே புடவைப் படத்தை அங்கேயும் முகப்புப் படமாக வைத்துவிடாதீர்கள்.

இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால், பழைய கணக்கிலேயே நீங்கள் தேர்ந்தெடுக்கும் நெருங்கிய நண்பர்களின் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' பட்டியல் போதும். ஸ்டோரி மட்டுமல்ல, போஸ்டையும் ரீல்ஸையும்கூட அவர்களுக்கு மட்டும் காட்டலாம். பட்டியலில் இல்லாதவருக்கு விஷயமே தெரியாது. ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பும் தோழி ஒருத்தி எல்லாருக்கும் உண்டு, அவரை மட்டும் சேர்க்காதீர்கள்.